வேண்டாத பேக்கேஜ்களும் வீட்டு மாப்பிள்ளையும்

அந்த மெஷினுக்குள் என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு, என் சொந்த வீட்டு அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அதற்கென்ன இப்போது?

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டின ஒரு சந்தில், மாமி ஒருவர் பரதநாட்டிய டிரஸ் தைத்துக் கொடுக்கும் தொழில் நடத்தி வந்தார். கீழே வீடு, மாடியில் தையல். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய்விட்ட குடும்பத்துப் பெண்களுக்கு அரங்கேற்றம் என்றால், இங்கேயே பட்டுப் புடவை வாங்கி, இங்கேயே வெட்டி, விசிறி மடிப்பு வைத்து, பார்சலில் அனுப்புவார். அளவு மட்டும் அங்கிருந்து வரவேண்டும். ஃபேக்ஸில் வந்த காலத்தில் இடுப்பளவு மூன்றில் முடிகிறதா எட்டில் முடிகிறதா என்று பெரிய பஞ்சாயத்தே நடக்குமாம். இமெயில் வந்த பிறகு மாமிக்கு நிம்மதி. அந்த இமெயிலை இறக்கி, அளவுகளை அச்சடித்து மாடிக்குக் கொடுத்து, பதில் எழுதிப் போடுவது என் வேலை. கம்ப்யூட்டர் டிப்ளமாவை வைத்துக்கொண்டு ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவேன். எங்கள் வீட்டில் இதை ஏதோ டைப்பிஸ்ட் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை. திருத்தினால் மட்டும் புரிந்துவிடுமா?

இதற்கான கம்ப்யூட்டரை, அதாவது அந்த மெஷினை, அமைத்துக் கொடுத்தவர் மாமியின் மாப்பிள்ளை. பெங்களூரில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸைப் போட்டிருந்தார். போடும்போது அது கேட்கும், எதெது வேண்டும் என்று. மெயில் வேண்டுமா, அச்சு வேண்டுமா, விளையாட்டு வேண்டுமா என்று நீளமாகக் கேட்டுவிட்டு, அடியில் 'எல்லாம்' என்று ஒரு வரி இருக்கும். மாப்பிள்ளை அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நம்ம ஆட்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறினது. ஓசியில் வருகிறது, எதற்கு விடுவானேன்? கல்யாணப் பந்தியில் வயிறு நிறைந்த பிறகும் இலையில் எல்லாம் விழுந்தாக வேண்டும், அந்த மாதிரி.

விளைவு என்ன? தையல் கடை மெஷினில் ஹாம் ரேடியோக்காரர்களுக்கான புரோகிராம் இருந்தது. ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. சதுரங்கம், சீட்டாட்டம், பல்கலைக்கழகத்துக்காரர்கள் புத்தகம் அச்சுக்கோக்கும் சாமான், ஊர் பேர் தெரியாத செய்திகளைச் சேர்த்து வைக்கிற சர்வர், எல்லாம் இருந்தது. டிஸ்க்கோ சின்னது. எல்லாக் குப்பையும் உட்கார்ந்துகொண்டு, மெயில் வந்து உட்கார இடமில்லாமல் போயிற்று. ஒரு தடவை சிட்னியிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணி, "நான் அனுப்பின அளவு திரும்பி வந்துடுத்து, உங்க பெட்டி ரொம்பிடுத்தாம்" என்றார். மாமிக்கு முகமே விழுந்துவிட்டது.

வேண்டாததைக் கழற்றிப் போட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் விஷயம். லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பொட்டலம், பேக்கேஜ் என்போம். ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று துணைக்கு வேண்டும். அந்த இன்னொன்றுக்கு வேறு ரெண்டு. கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் அவர் சகலை, சகலையின் தம்பி, தம்பியின் ரூம்மேட் என்று வேனில் வந்து இறங்குகிற கதை. ஒன்றைக் கழற்றப் போனால், 'இது இல்லாவிட்டால் அது ஓடாது' என்று மெஷின் பதில் சொல்லும். அதைக் கழற்றப் போனால் இன்னொன்றைக் காட்டும்.

எனக்குக் கோபம் கோபமாக வரும். உதாரணத்துக்கு, அளவுச் சீட்டு அச்சடிக்க ஒரு புரோகிராம். அதற்குத் துணையாக, தாளில் எழுத்து வரைகிற ஒன்று. அதற்குத் துணையாக, திரையில் ஜன்னல் ஜன்னலாகப் படம் காட்டுவதற்கான ஒரு பெரிய லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் கடன் வாங்கிக்கொள்கிற பொதுச் சாமான். எங்கள் மெஷினில் படமே கிடையாது! கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். இவனுக்கு இங்கே என்ன வேலை? ஆனால் இவனை விரட்டினால் அளவுச் சீட்டு அச்சாகாது. "இருந்து தொலை" என்று விட்டுவிட்டேன். எதை விரட்டலாம், எதை முணுமுணுத்துக்கொண்டே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிக்கத் தெரிவதுதான் வேலையே.

என் வழக்கம் இது. மெயில் எல்லாம் இறங்கின பிறகு ஒன்றை எடுப்பேன். உன்னை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்று மெஷினைக் கேட்பேன். அவர்களில் ஒருத்தரும் எங்களுக்கு வேண்டியவர் இல்லை என்று தெரிந்தால் கூட்டத்தோடு கழற்றுவேன். உடனே மெஷினை அணைத்து, மறுபடி போட்டு, ஒரு மெயில் இறக்கி, ஒரு சீட்டு அச்சடித்துப் பார்ப்பேன். அணைத்துப் போடுவதில்தான் சூட்சுமம். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் தனக்கு வேண்டியதை முன்னாடியே நினைவில் ஏற்றி வைத்திருக்கும். கீழே இருக்கிறதை உருவினாலும் அதற்குத் தெரியாது, பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி போடும்போதுதான் குட்டு வெளிப்படும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மெஷின்தான் சொல்லித் தந்தது.

நான் பாட்டுக்கு இப்படிக் கழற்றிக்கொண்டிருக்க, சிட்னி விஷயம் மாப்பிள்ளை காதுக்குப் போயிற்று. போனில் மாமியிடம் சொல்லிவிட்டார், தி.நகரில் அவருடைய சிநேகிதர் ஒரு கம்பெனி வைத்திருக்கிறார், மெஷினை அங்கே கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், இதற்கென்று தனியாக ஒரு ஆள் வேண்டாம் என்று. தனியாக ஒரு ஆள் என்றால் நான். மாமி, "நவராத்திரிக்கு வரேளே மாப்பிள்ளை, நேர்ல பேசிக்கலாம்" என்று போனை வைத்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். வேறு வேலை கிடைக்காமலா போய்விடும்? ஆனால் அந்த மெஷின் கிடைக்காதே. அதுவரை நான் படித்த இடத்திலெல்லாம் "அதைத் தொடாதே, இதைத் தொடாதே" என்று கூட ஒருத்தர் நிற்பார். இங்கேதான் முழு மெஷினையும், எதையும் போடவும் கழற்றவும் விடுகிற ரூட் பாஸ்வேர்டோடு, என் கையில் விட்டிருந்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எது எதன் மேல் நிற்கிறது என்று சொல்வேன். என்னுடையதைப் பிடுங்குகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றிற்று, கடைசி ஆணிவரை மாமியுடையது என்று தெரிந்தும்.

நவராத்திரி வந்தது. மாப்பிள்ளை பெண்டாட்டியோடு வந்து இறங்கினார். கூடத்தில் கொலுப்படி வைத்ததில் மெஷின் அறைக் கதவு பாதி அடைபட்டுப்போய், நான் பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டியிருந்தது. சாயங்காலமானால் பட்டுப் புடவையும் சுண்டல் வாசனையுமாக வீடு ஜேஜே என்று இருக்கும். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் மாப்பிள்ளை அறைக்குள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இன்னும் இவ்வளவு குப்பை இருக்கே?"

நீங்க கொட்டினதுதான் சார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவோரம் மாமி காப்பியோடு நின்றார். அந்த வீட்டில் மாப்பிள்ளையின் காப்பி ஆறிப்போனாலே பெரிய குற்றம். மாப்பிள்ளை தப்பு பண்ணினார் என்று சொல்வதற்கு அங்கே வாயே கிடையாது.

"ஒண்ணொண்ணா கழட்டிட்டிருக்கேன் சார். ஒண்ணை ஒண்ணு பிடிச்சுட்டிருக்கு."

"ரெண்டு நிமிஷ வேலைம்மா இது. யார் என்ன கேட்டாலும் கேக்காதே, கழட்டுன்னு ஒரு கமாண்டு இருக்கு, தெரியுமோ?"

தெரியாமலா? துணை கிணை எதையும் பார்க்காமல் பிடுங்கிப் போடுகிற கட்டளை. தெரிந்ததால்தான் அதன் பக்கமே நான் போகவில்லை. "வேணாம் சார், நம்ம மெயிலே படுத்துடும். முதல்ல எது எதுக்கு வேணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ விடும்மா, மாப்பிள்ளை பாத்துக்கறேங்கறார்" என்றார் மாமி. "சீக்கிரம் கிளம்பு, நாளைக்குப் பூஜைக்கு வந்துடு." அவர் குரலில் கோபமில்லை, சங்கடம்தான் இருந்தது. மந்தைவெளி வரைக்கும் நடந்தே போய் பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்குள்ளேயே அவரோடு சண்டை போட்டேன். ஒரு இடத்தில் வாய்விட்டே பேசிவிட்டேன் போலிருக்கிறது, பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் போனேன். மெஷினுக்கு ராஜ மரியாதை. மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம், கீபோர்டு மேல் சாமந்தி. கொலுவுக்குப் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத் துணி போர்த்தியிருந்தார்கள். மெஷின் அணைந்திருந்தது. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொட்டுப் படிக்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். மெஷினும் நாள் பூராவும் கடுதாசி படிக்கிற ஜன்மம்தானே, அதற்கும் லீவு என்பது மாமியின் கணக்கு. அதில் தப்பே சொல்ல முடியாது.

மாப்பிள்ளை சந்தோஷமாக இருந்தார். "பாதி டிஸ்க் காலி பண்ணியாச்சு. எல்லாம் ஜம்முனு ஓடித்து."

"அணைச்சு மறுபடி போட்டுப் பாத்தீங்களா சார்?"

"எதுக்கு? அதான் ஓடிண்டிருந்ததே. காலம்பற நிறுத்தச் சொன்னா மட்டும் சண்டித்தனம் பண்ணித்து. ஸ்விட்சை அணைச்சுட்டேன்."

நிறுத்தச் சொன்னால் நிற்கத் தெரியாத மெஷினுக்கு எழுந்திருக்கத் தெரியுமா? "மாமி, ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன்" என்று கெஞ்சினேன். "இன்னிக்குத் தொடப்படாதுடி" என்று மாமி என் கையில் சுண்டலைத் திணித்துவிட்டார். கொண்டைக்கடலைச் சுண்டல்.

விஜயதசமி காலையில் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மார்கழி சீசனுக்கான முதல் பட்டுத் துணியை ராகுகாலத்துக்கு முன்னால் மாமி தன் கையால் வெட்டுவார். அன்று வெட்ட வேண்டியது மெல்போர்ன் பெண்ணின் புடவை. அளவு வந்து மெஷினுக்குள் கிடந்தது, அச்சடிக்கவில்லை. புனர்பூஜை முடிந்து, ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து ரெண்டு வரி படித்தார்கள். பிறகு மாப்பிள்ளை மெஷினைப் போட்டார்.

திரையில் எழுத்துகள் ஓடின. ஓடி ஒரு இடத்தில் நின்றன. ஒரு லைப்ரரியைக் காணோம் என்று ஒரு வரி வந்தது. மறுபடி அதே வரி, மறுபடியும் அதே. அணைத்துப் போட்டார். அதே வரி.

மாடியிலிருந்து தையல் மாஸ்டர் பாதிப் படி இறங்கி நின்று, "இன்னா பாப்பா, அளவு வந்துச்சா இல்லியா? மாமி கத்திரி வெக்கணும்ல?" என்றார்.

மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. "டிஸ்க் போயிடுத்துன்னு நினைக்கறேன்" என்றார். "நான் அப்பவே சொன்னேனே, இதெல்லாம் ஆத்துல வெச்சுக்கற சமாசாரமே இல்லை. சிநேகிதனுக்கு போன் பண்றேன். தி.நகர்லேர்ந்து ஆள் வந்து மெஷினைத் தூக்கிண்டு போகட்டும்." போனை நோக்கி நடந்தார். மாமி முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"டிஸ்க் போகல மாமி" என்றேன். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. "போன் எல்லாம் வேணாம். கொஞ்ச நேரம் குடுங்க, நான் எழுப்பறேன்."

"எழுப்பிடுவியோ?"

"எழுப்பிடுவேன்."

காணாமல் போனது சுண்டைக்காய் லைப்ரரி ஒன்று, திரையில் எழுத்து எங்கே வரவேண்டும் என்று பார்த்துக்கொள்கிறது. பெயரில் 'டெர்மினல்' என்று இருக்கும். இந்தக் காலத்தில் அந்தப் பழைய டெர்மினல் பெட்டியை யார் வைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை பிடுங்கிவிட்டார். ஆனால் நாம் தட்டுகிற கட்டளைகளை வாங்கிக்கொள்கிற ஷெல்லே அதன் மேல்தான் நிற்கிறது. மெஷின் காலையில் எழுந்து பல் விளக்குவதற்குக்கூட ஷெல் வேண்டும். முந்தாநாள் அவர் உட்கார்ந்திருந்தபோது ஷெல் ஏற்கெனவே நினைவில் ஏறியிருந்தது, அதனால் ஜம்மென்று ஓடிற்று. இப்போது புதிதாக எழ வேண்டும், கால் இல்லை.

மருந்து அந்தப் பத்திரிகை சிடியிலேயே இருந்தது. அவசரத்துக்கென்று நான் எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினைத் தற்காலிகமாக எழுப்பி, சிடியிலிருந்து அந்த லைப்ரரியைத் திரும்பப் போட்டால் தீர்ந்தது. "சிடி எங்கே மாமி?"

மாமி பட்டுத் துணியை விலக்கி, புத்தக அடுக்குக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல பளபளப்பான பக்கத்தில், நட்ட நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி, எட்டணா அகலத்துக்குக் கெட்டியாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம். இருபத்துநாலு மணி நேரம் காய்ந்து சுவரில் பூசின காரை மாதிரி ஆகியிருந்தது.

"ஐயோ மாமி!"

"கண்ணாடியாட்டமா இருந்துதுடி. அந்தப் பக்கம்தான் முகம்னு நினைச்சேன்."

சிரிப்பதா அழுவதா? எழுத்து அச்சடித்த பக்கம் முதுகு, பளபளக்கிற பக்கம்தான் படிக்கிற பக்கம். முகம் என்று மாமி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சரஸ்வதியே நேரில் வந்து சொன்னாலும் சிடி டிரைவ் சந்தனத்தைப் படிக்காது. வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டேன். துப்பட்டா நுனியை நனைத்து, ஊற வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுற்றாமல், தேய்க்காமல், ஒத்தி ஒத்தி எடுத்தேன். குங்குமம் லேசாகச் சிவப்புத் தடம் விட்டது. போகட்டும்.

ஃப்ளாப்பியில் மெஷின் கண் விழித்தது; சிடி உள்ளே போய் கர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. மாப்பிள்ளை என் பின்னால் வந்து நின்றார். "திரும்பப் போடற கமாண்டு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார். "தெரியும் சார்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

லைப்ரரி ஏறியது. சட்டென்று அணைத்துப் போடாமல், வேறு எதற்கெல்லாம் துணை போயிருக்கிறது என்று மெஷினையே சொல்லச் சொன்னேன். நான் முணுமுணுத்துக்கொண்டே வைத்திருந்த அந்தப் படம் காட்டுகிற லைப்ரரியும் போயிருந்தது. அதையும் போட்டேன். மற்றபடி அவர் பிடுங்கினதில் முக்கால்வாசி நிஜக் குப்பை. அதை அப்படியே விட்டேன். அந்த மட்டும் அவருக்கு நன்றிதான். என் வேலை மிச்சம்.

அணைத்துப் போட்டேன். எழுத்துகள் ஓடின. நின்ற இடத்தில் நிற்காமல் தாண்டி ஓடின. மோடம் கீச்சென்று கத்தி லைன் பிடித்தது. பிரிண்டர் கரகரவென்று மெல்போர்ன் பெண்ணின் தோளளவைத் துப்ப ஆரம்பித்ததும், மாஸ்டர் படியில் நின்றபடியே, "சபாஷ் பாப்பா!" என்று கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்தால் என்ன, சந்தோஷமாக இருந்தது. மாமி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினார். ராகுகாலம் பிறப்பதற்கு முன்னால் பட்டில் கத்திரி விழுந்தது.

மத்தியானம் எல்லாருக்கும் இலை போட்டார்கள். என்னையும் உட்காரச் சொன்னார் மாமி. மாப்பிள்ளை சாம்பாரைப் பிசைந்துகொண்டே பேச்சை எடுத்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். நிஜமாகவே நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். "இன்னிக்குத் தப்பிச்சுட்டோம். ஆனா எப்பவும் இப்படி இருக்காது. பேசாம மெஷினை சிநேகிதன்கிட்ட குடுத்துடலாம். இந்தப் பொண்ணுக்கும் வேற எங்கேயாவது பாத்துக்கலாம்."

எனக்குச் சோறு கையிலேயே நின்றுவிட்டது. மாமி பாயசத்தோடு வந்துகொண்டிருந்தவர் மாப்பிள்ளை இலைக்கு முன்னால் நின்றார். ஒரு கரண்டி விட்டார். இன்னொரு கரண்டி விட்டார்.

"மாப்பிள்ளை, நீங்கோ வருஷத்துக்கு ஒருதரம் வரேள். வந்த எடத்துல உங்களை வேலை வாங்கறேன்னு நேக்கு மனசே ஆறலை. நாலு பேர் என்னைப் பத்தி என்ன பேசுவா? இனிமே அந்த மெஷின் கிட்டக்கவே நீங்கோ வரப்படாது. ஊஞ்சல்ல உக்காரணும், வேளைக்குச் சாப்பிடணும், அவ்வளவுதான் உங்க வேலை. மெஷின் இங்கேயே இருக்கட்டும். அது இவ பொறுப்பு."

அத்தனை மரியாதையோடு ஒரு மனுஷனை ஒரு அறையிலிருந்து வெளியே அனுப்ப முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதில் சொல்ல ஒரு இடுக்குகூட விடவில்லை மாமி. முதலில் சிரித்தது மாமியின் பெண்தான், வாயில் அப்பளத்தோடு. அப்புறம் மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. காது மட்டும் சிவந்திருந்தது.

கை அலம்பப் போன இடத்தில் என்னிடம் வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "அப்போ ரூட் பாஸ்வேர்டை மாத்திடும்மா" என்றார். "எனக்குத் தெரிஞ்சதே இருக்கப்படாது, இல்லையா?"

"மாத்திட்டேன் சார்" என்றேன். "காலையில மெஷின் எழுந்ததும் பண்ணின முதல் வேலையே அதுதான்."